முப்பது வருஷம் கழித்து வந்த சாவுச் சேதி

இந்திராணி நாலு மணி நேரம் பேசினாள். டிவியில் வந்தது ஒரே ஒரு வாக்கியம். "ஆமாங்க, இதுதான் அவரு பொறந்த வீடு." அதிலும் பாதி முகம்தான் தெரிந்தது. மீதியை நடிகர் இளஞ்சேரனின் தோள் மறைத்துக்கொண்டது. கீழே ஓடிய எழுத்தையாவது ஒழுங்காகப் போட்டார்களா? 'அப்பகுதி நெசவாளர்' என்று போட்டார்கள். அவளைப் பெற்ற அப்பனைப் பற்றிய நிகழ்ச்சி, அவள் வீட்டு வாசல், அவள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த போட்டோ, வந்து இறங்கிய பதினாறு பேருக்கும் அவள் கையால் போட்டுக் கொடுத்த காபி. அவ்வளவுக்கும் சேர்த்து அவள் அப்பகுதி நெசவாளர்!

'முன்னோர் வாசல்' என்பது நிகழ்ச்சியின் பெயர். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வரும். பேர் பெற்ற யாராவது ஒருவரைப் பிடித்து, அவருடைய பாட்டன் பூட்டன் வாழ்ந்த ஊருக்குக் கூட்டிப்போய், பழைய பத்திரத்தையும் இடிந்த சுவரையும் காட்டி, அழவைத்து அனுப்புவார்கள். இந்திராணி ஒரு வாரம் தவறவிட்டதில்லை. யாரோ ஒரு பாடகி, தன் பாட்டி அரிசி ஆலையில் கூலிக்குப் போனவள் என்று தெரிந்து விம்மியபோது, தறிக்குழியில் உட்கார்ந்தபடியே இவளும் முந்தானையால் மூக்கைச் சிந்தியவள்தான். பெரிய இடத்து ஆளாக இருந்தாலும் இந்த நிகழ்ச்சியில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறார்கள் என்று நம்பினாள். அறுபது வயதில் ஒரு பெண்பிள்ளைக்கு இவ்வளவு வெகுளித்தனம் ஆகாது.

சித்திரை மாதம் அபி என்று ஒரு பெண் காஞ்சிபுரத்துக்கு வந்தாள். டிவிக்காரர்களுக்காக ஊர் ஊராகப் போய் விவரம் சேகரிக்கிற வேலை. "ஆன்ட்டி, நமச்சிவாயம்னு ஒருத்தர் இந்தத் தெருவுல இருந்தாராமே? சிக்ஸ்டி ஃபைவ்ல சென்னைக்குப் போனவரு. இளஞ்சேரன் சாரோட தாத்தா" என்று ஆரம்பித்தாள்.

இந்திராணி கையிலிருந்த தறி நாடாவைக் கீழே வைத்தாள். "அவரு எங்கப்பாதாம்மா" என்றாள்.

தெருவுக்கே தெரிந்த கதைதான். நமச்சிவாயம், இருபது வயதுப் பெண்டாட்டி காந்தாவையும் எட்டு மாதக் கைக்குழந்தை இந்திராணியையும் வீட்டில் விட்டுவிட்டு, பட்டு நூல் வாங்கிவருவதாகச் சொல்லி மெட்ராஸ் பஸ் ஏறினான். ஏறினவன் ஏறினவன்தான். அங்கே சினிமா ஸ்டூடியோவில் துணிமணிப் பிரிவில் சேர்ந்தான், கையில் தொழில் இருந்ததால் மேலே வந்தான், இன்னொரு கல்யாணம் கட்டினான். அந்தக் கல்யாணத்தில் பிறந்த மகனுடைய மகன்தான் இளஞ்சேரன். காந்தா எங்கேயும் போகவில்லை. அவன் இறங்கிய குழியிலேயே இறங்கித் தறி நெய்தாள். அவனைப் பெற்றவளுக்குக் கடைசிவரை கஞ்சி ஊற்றினாள். மகளை வளர்த்து, திருஞானசம்பந்தம் என்ற வாய்திறவாத நல்ல மனுஷனைப் பார்த்து வீட்டோடு மாப்பிள்ளையாக்கிக்கொண்டாள். 2006-ல் போய்ச் சேர்ந்தாள். இரண்டரை மணி நேரத் தூரத்தில் இருந்த புருஷன் ஒரு தரம் எட்டிப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் இந்திராணி கேமராவின் முன்னால் சொன்னாள். கல்யாணத்தன்று எடுத்த போட்டோவையும் கொடுத்தாள். நாற்காலியில் காந்தா, பக்கத்தில் நின்றுகொண்டு நமச்சிவாயம். "எங்கப்பாவப் பத்தி நல்லதா சொல்லுங்க, கெட்டதா சொல்லுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. எங்கம்மா பேர மட்டும் ஒரு வாட்டி சொல்லிடுங்கம்மா. காந்தா. அவ்ளோதான்" என்றாள். அபிக்குக் கண் கலங்கிவிட்டது. "கண்டிப்பா வரும் ஆன்ட்டி, நான் பாத்துக்கறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பாவம், அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவளுக்கு மேலே பத்துப் பேர் இருந்தார்கள்.

ஆடி மாதக் கடைசி ஞாயிறு அந்தப் பகுதி ஒளிபரப்பானது. தெருவே இந்திராணி வீட்டுக் கூடத்தில் கூடிவிட்டது. டிவியில் வருகிற வீட்டிலேயே உட்கார்ந்து டிவி பார்ப்பது என்றால் சும்மாவா? இந்திராணி கேசரி கிண்டி வைத்திருந்தாள். எதிர்வீட்டு அன்னம்மாள் முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய மருமகள் சந்தியா, எதை எடுத்தாலும் செல்போனில் படம் பிடித்துப் போடுகிறவள், டிவியையே போனில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, நம்ம தண்ணி டேங்க் பாருங்கடி!" என்று கத்தினார்கள். "தணிகாசலம் மாமா சைக்கிள் வருது பாரு!" என்று கை தட்டினார்கள். இளஞ்சேரன் தெருவில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த மண் படப்பிடிப்புக்கு முந்தின மாதம் நகராட்சிக்காரன் பள்ளம் மூடக் கொண்டுவந்து கொட்டியது. ஆனாலும் அன்னம்மாள் அழுதுவிட்டாள்.

பிறகு போட்டோ வந்தது. நமச்சிவாயம் மட்டும் தனியாக நின்றான். காந்தாவை நாற்காலியோடு வெட்டியிருந்தார்கள். வெட்டினவன் சரியாகவாவது வெட்டினானா! ஓரத்தில் வளையல் போட்ட ஒரு கை மட்டும் தங்கிவிட்டது. யாரோ ஒரு கம்பீரமான குரல் சொன்னது: "கண்களில் கனவோடு, துணைக்கு யாருமின்றி, தன்னந்தனியாகச் சென்னைக்குப் புறப்பட்டான் அந்த இளைஞன்."

"தன்னந்தனியாவா!" என்று சந்தியா சிரித்தேவிட்டாள். இரண்டு பேர் அவளை அதட்டினார்கள். எல்லோரும் ஓரக்கண்ணால் இந்திராணியைப் பார்த்தார்கள். அவள் கேசரித் தட்டோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். இன்னும் முடியவில்லையே, அம்மா பேர் பின்னால் வரும், விளம்பரத்துக்கு அப்புறம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள். விளம்பரம் போய் மறுபடி நிகழ்ச்சி வந்தது. சென்னை வீட்டு வரவேற்பறை, சந்தன மாலை போட்ட பெரிய படம், அதன் கீழே பொன்னெழுத்து. மறைவு: 14.8.1994. இளஞ்சேரன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டார். புல்லாங்குழல் வாசித்தார்கள். முடிந்தது.

அன்னம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அறுபத்தாறு வயதுக்காரி, பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் எந்த வீட்டில் யார் எந்தத் திதியில் போனார்கள் என்பது அவள் வாயில் மனப்பாடம்.

"இந்திராணி, உங்கம்மா போனது எந்த வருஷம்?"

"ரெண்டாயிரத்து ஆறுக்கா. மாசில."

"உங்கப்பன் தொண்ணூத்தி நாலுலயே பூட்டானாமே. போட்டிருக்கான் பாரு."

கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயை அசைப்பதை நிறுத்தினார்கள்.

காந்தா செத்தபோது அவளை எப்படி அனுப்பினார்கள் என்பது அங்கே இருந்த பெண்கள் எல்லோருக்கும் தெரியும். புருஷன் மெட்ராஸில் எவளோடோ இருந்தாலும் உயிரோடு இருக்கிறான் என்பதுதான் ஊர்க் கணக்கு. ஆகவே காந்தா சுமங்கலி. மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, அரக்குப் புடவை கட்டி, தலை நிறையப் பூவைத்து, கல்யாணப் பெண் மாதிரி உட்காரவைத்தார்கள். தெருப் பெண்கள் வரிசையில் நின்று அவள் காலடி மஞ்சளையும் குங்குமத்தையும் வாங்கித் தங்கள் தாலியில் பூசிக்கொண்டார்கள். சுமங்கலியாகப் போகிறவள் மஞ்சள் தாலிக்குப் பலம்.

"அந்த மஞ்சளத்தான்டி நானும் பூசிக்கினேன்" என்றாள் அன்னம்மாள். "அடுத்த ஆனியிலயே எங்க வீட்டுக்காரரு போனாரு. நல்லா இருந்த மனுஷன், காலையில டீ குடிச்சிட்டு உக்காந்தவரு. நான் பதினெட்டு வருஷமா யோசிச்சிக்கினு இருக்கேன், என்னா பாவம் செஞ்சேன்னு. தாலியறுத்தவ மஞ்சளப் பூசிக்கினேனேடி!"

அவள் வம்புக்குப் பேசவில்லை. நெஞ்சாரப் பேசினாள். அதுதான் இந்திராணியால் தாங்க முடியாமல் போயிற்று.

எல்லோரும் போன பிறகு அபிக்கு போன் போட்டாள். மூன்றாவது தரம்தான் அவள் எடுத்தாள். "சாரி ஆன்ட்டி. எடிட்ல போயிடுச்சு. சாரோட பாட்டி இன்னும் உயிரோட இருக்காங்க. அவங்க மனசு கஷ்டப்படும்னு ஃபேமிலில சொல்லிட்டாங்க."

"எங்கம்மா மனசும்மா?"

"அவங்கதான் இல்லையே ஆன்ட்டி" என்றாள் அபி, மெதுவாக.

பேர் வரவில்லை என்பதோடு போயிருந்தால் இந்திராணி நாலு நாள் முனகிவிட்டுத் தறியில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் அவள் மகள் காயத்ரிக்கு ஆவணி முதல் புதன்கிழமை கல்யாணம். அதற்கு முந்தைய வெள்ளி பூவாடைக்காரிக்குப் படையல். கோயில் அம்மன் இல்லை பூவாடைக்காரி. அந்தந்த வீட்டிலேயே பூவோடும் பொட்டோடும் செத்துப்போன பெண்பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னால் கலசம் வைத்து, புதுப்புடவை சுற்றி, பூ சாத்தி, அவள் பேரைச் சொல்லி வந்து உட்காரச் சொல்லுவார்கள். படைத்த புடவையைக் கல்யாணப் பெண் கட்டிக்கொள்வாள். இந்த வீட்டுப் பூவாடைக்காரி காந்தா. வாழும்போது கட்டினவன் கூப்பிடாத பேர். செத்த பிறகாவது கற்பூரம் காட்டி, கைகூப்பி, "காந்தா, வாம்மா" என்று நாலு பேர் கூப்பிடுகிற ஒரே இடம் அதுதான். அதற்காகவே இந்திராணி மஞ்சள் உடலில் அரக்குக் கரை வைத்து ஒரு புடவையைத் தன் கையால் நெய்து மடித்து வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையிலேயே ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் சம்பந்தி வந்து இறங்கினாள். புவனேஸ்வரி. மாப்பிள்ளை குருவின் அம்மா. தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"நான் சண்டைக்கு வரல சம்பந்தி. ஊரு பேசுது."

"எந்த ஊரு பேசுது?"

"ஐயம்பேட்டையிலயும் டிவி இருக்குதும்மா. உங்க தெருவுல எங்க நாத்தனாரு இருக்கறா, எல்லாத்தையும் போன்ல சொல்லிட்டா. செத்தப்போ தாலி இல்லாதவளுக்குப் படைச்ச பொடவைய என் மருமவ கட்டிக்கினு மணவறையில உக்காரக் கூடாது. எனக்கு ஒரே புள்ள. நான் பயப்படறேன், அவ்ளோதான். வேற யாருக்குனா படைங்க. இல்ல, படையலே வேணாம்."

புவனேஸ்வரி எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த இளஞ்சேரன் தம்பி கல்யாணத்துக்கு வருவாரா? பத்திரிகை வெச்சிட்டீங்களா? என்னா இருந்தாலும் ரத்த சொந்தம், விடக்கூடாதும்மா" என்றாள்.

அப்போதுதான் இந்திராணிக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "ஏம்மா, ஓடிப்போனவன் பேரன் வேணும். ஓடாம நின்னவ வேணாமா?" என்று கேட்டாள். சம்பந்தி முகம் சுருங்கிப் போய்விட்டாள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காயத்ரி உள்ளேயிருந்து வந்து, "ஏம்மா இப்படிப் பேசற? நான் வேற பொடவை கட்டிக்கறேன், விடும்மா" என்றாள். பெற்ற மகளுக்கும் அது ஒரு புடவைதான். இந்திராணி அவளைத் திட்டவில்லை. அவளுக்கு குருவைப் பிடித்திருந்தது, அவள் என்ன செய்வாள்!

இனி ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்குத் தெரியாதது. நமச்சிவாயம் செத்த சேதி இந்திராணிக்கு டிவி சொல்லித் தெரியவில்லை.

1994, ஆவணி மாதம். தபால்காரர் ஒரு கார்டை நீட்டினார். நாலு மூலையிலும் கறுப்பு மை தடவியிருந்தது. மெட்ராஸிலிருந்த ஒன்றுவிட்ட சொந்தம் யாரோ இரக்கப்பட்டு எழுதியது. வாசலில் நின்றே படித்தாள். சாவுக் கடுதாசியைப் படித்ததும் கிழிக்க வேண்டும், கேட்டதும் தலைமுழுக வேண்டும். இந்திராணி கிழித்தாள். முழுகவில்லை. உள்ளே காந்தா வெள்ளிக்கிழமை விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள், நெற்றியில் காலணா அகலக் குங்குமம். "யாரு கடுதாசிடி?" என்று கேட்டாள். காந்தாவுக்குப் படிக்கத் தெரியாது. "சொசைட்டிலேருந்தும்மா, கூட்டமாம்" என்றாள் இந்திராணி. அவன் கொடுத்த ஒரே பொருள் அந்தக் குங்குமம். அதை வைத்துத்தான் தெருவில் நாலு வீட்டுக் கல்யாணத்துக்கு அவளை முன்னால் கூப்பிட்டார்கள். அதையும் செத்து வந்து பிடுங்கிக்கொண்டு போவானா? போக விடக் கூடாது என்று இந்திராணிக்குத் தோன்றியது. உள்ளே போய்த் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தாள். திருஞானசம்பந்தம் அதையெல்லாம் பார்த்தார். இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பன்னிரண்டு வருஷம் தினம் காலையில் அம்மாவுக்குக் குங்குமச் சிமிழை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

புதன்கிழமை பங்காளி தணிகாசலம் வந்தார். நமச்சிவாயத்துக்குத் தம்பி முறை, இந்திராணிக்குச் சித்தப்பா. அந்த வகையறாவில் கல்யாணமானாலும் கருமாதியானாலும் முறை சொல்லுகிறவர் அவர்தான். புவனேஸ்வரியையும் அன்னம்மாளையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு, நிதானமாக வெற்றிலையை மென்று முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"சேதி காதுல விழுந்தாத்தான் தாலி எறங்கும். விழாத சாவுக்குத் தீட்டு இல்ல. காந்தா காதுல விழாம அவ போய்ச் சேந்தான்னா அவ சுமங்கலிதான். பூவாடதான். அதுல எவனும் வாய் வெக்க முடியாது."

புவனேஸ்வரிக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. "அது எப்படிங்க தெரியும், வரலைன்னு?"

"அதான் சொல்ல வர்றேன். இந்த வாசலுக்குச் சேதி வந்து, வீட்டுல இருந்தவங்க மறைச்சிருந்தா, அது தோஷம். செத்தவளுக்கும் தோஷம், மஞ்சள் வாங்கினவங்களுக்கும் தோஷம். இந்திரா, நீ கற்பூரம் அடிச்சுச் சொல்லிடு. டிவி சொல்ற வரைக்கும் எங்களுக்குத் தெரியாதுன்னு. வேலை முடிஞ்சிது."

அன்னம்மாள் இந்திராணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று சொல்லிவிடடி, என்று அந்தக் கண் கெஞ்சியது. இந்திராணிக்கு அது புரிந்தது. தெரியாது என்றால் அன்னம்மாளின் புருஷன் தன் பாட்டுக்குச் செத்தவன் ஆகிவிடுவான். தெரியும் என்றால் அவனைக் கொன்றது இந்த வீட்டு மஞ்சள்.

"இப்போ கேட்டுட்ட இல்ல? அப்போ தலமுழுவணும்" என்று சித்தப்பா எழுந்திருக்கும்போது சொன்னார். "பெத்த அப்பன். எத்தினி வருஷம் ஆனாலும் கேட்டா ஒரு முழுக்கு உண்டு. ஞாயித்துக்கிழமையே செஞ்சிருக்கணும். நாளைக்குக் காலையில சத்தியத்த முடிச்சிட்டு முழுவிடு. வெள்ளிக்கிழமை படையல் போட்டுக்கலாம்."

இதை இந்திராணி எதிர்பார்க்கவில்லை. பொய்ச் சத்தியம் செய்யத் தயாராகத்தான் இருந்தாள். டிவிக்காரன் ஊர் உலகம் பார்க்கப் பொய் சொன்னானே, அவனுக்கு என்ன ஆயிற்று? மாலை மரியாதையோடு இருக்கிறான். ஆனால் அந்த ஆளுக்காகத் தலைமுழுகுவதா? முப்பது வருஷத்துக்கு முன்னால் முழுகாமல் விட்டது மறதியால் இல்லை. வேண்டுமென்றே விட்டது. நீ எனக்கு அப்பனும் இல்லை, உன் சாவு எனக்குச் சாவும் இல்லை என்று அவள் அவனுக்குச் செய்த ஒரே மரியாதை அது. அதையும் இப்போது திருப்பிக் கொடுக்கச் சொல்லுகிறார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூடத்தில் கற்பூரம் ஏற்றினார்கள். திருஞானசம்பந்தம் திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றார். சித்தப்பா கற்பூரத் தட்டை இந்திராணியின் முன்னால் நீட்டியபோது, இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். யாரும் அதை ஒன்றாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்திராணி தீயின் மேல் கையை வைத்தாள். "எங்கப்பா செத்த சேதி இந்த வாசலுக்கு வரல. எங்கம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. டிவி பாத்துத்தான் தெரிஞ்சிக்கினேன்" என்றாள். கை கொஞ்சம் கூடுதலாகவே நேரம் தீயில் இருந்தது. காயத்ரிதான் இழுத்தாள்.

அன்னம்மாள் விட்ட மூச்சு கூடம் முழுக்கக் கேட்டது. பதினெட்டு வருஷப் பாரம் இல்லையா! அவள் ஓடிவந்து இந்திராணியைக் கட்டிக்கொண்டாள். "என் கண்ணே, பெத்தவன் போனதுகூடத் தெரியாம இருந்திருக்கியேடி" என்று ஒப்பாரியை எடுத்தாள். அவள் எடுத்ததும் மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். இந்திராணியைக் கைத்தாங்கலாகப் பின்கட்டுக் குழாயடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். நன்றி காட்டுகிற விதம் அது. செத்தவனுக்காக அழ அவர்களுக்கு ஒன்றுமில்லை, உயிரோடு இருப்பவளுக்காக அழுதார்கள்.

முதல் குடம் தலையில் விழுந்தது. "அப்பான்னு ஒரு வாட்டி கூப்பிட்டு அழுதுடுடி. உள்ள வெச்சிக்காத" என்றாள் அன்னம்மாள்.

இந்திராணி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது குடம். அந்த வார்த்தையை அவள் பிறந்ததிலிருந்து யார் முகத்தைப் பார்த்தும் சொன்னதில்லை. மாமனாரைக்கூட மாமா என்றுதான் கூப்பிட்டாள். மூன்றாவது குடம். சித்தப்பா தள்ளி நின்று, "கூப்பிடும்மா, முறை அதான்" என்றார்.

"அப்பா!" என்று கத்தினாள்.

கத்தினதும் அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அப்பா அப்பா என்று விடாமல் கத்தினாள். தரையை அறைந்தாள். அது துக்கமா என்ன? கொலைவெறி. அம்மாவைத் தறிக்குழியில் இறக்கிவிட்டுப் போனவனை, படத்திலிருந்து அவளை வெட்டவைத்தவனை, செத்தும் இப்படித் தன் வாயால் அப்பா என்று சொல்லவைத்துவிட்டவனை, கைக்குக் கிடைத்தால் கிழித்துப் போட்டிருப்பாள். ஆனால் ஈரப் புடவையோடு ஒரு பெண் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதால் பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். சந்தியா போனை எடுத்து முழுவதையும் பிடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை படையல் குறையில்லாமல் நடந்தது. ஐயம்பேட்டைக்காரர்கள் பூவும் பழமும் கொண்டுவந்தார்கள். கலசத்துக்கு மஞ்சள் புடவை சுற்றி, சித்தப்பா காந்தா பேரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டார். புவனேஸ்வரியே முதலில் விழுந்து கும்பிட்டாள். இந்திராணியின் உள்ளங்கையில் கொப்புளம் இருந்ததால் காயத்ரிதான் எல்லோருக்கும் குங்குமம் கொடுத்தாள்.

சனிக்கிழமை மதியம் காயத்ரி போனைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள். சந்தியா போட்ட வீடியோவைச் சேனல்காரர்கள் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். 'முன்னோர் வாசல் பார்த்துக் கதறிய காஞ்சிபுரம் நெசவாளர். இளஞ்சேரனின் தாத்தாவைத் தன் அப்பாவாகவே நினைத்து வாழ்ந்தவர்' என்று மேலே எழுத்து. இளஞ்சேரனும் அதைப் பகிர்ந்து, இரண்டு கையும் கூப்பிய படம் போட்டிருந்தார். நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

"அப்பாவாகவே நெனச்சேனாமா?" என்றாள் இந்திராணி.

"ஆமாம்மா."

"படி, என்னா எழுதியிருக்காங்க."

காயத்ரி படித்தாள். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பாசமா. ரத்த சொந்தமே இல்லாமல் இப்படி அழுகிறார்களே. ஒரு தெருவே அழுகிறது என்றால் அந்த மனுஷன் எவ்வளவு நல்லவராக வாழ்ந்திருக்க வேண்டும். தாத்தா, நீங்கள் தெய்வம். எங்கள் அம்மாவும் இதைப் பார்த்து அழுதுவிட்டார்கள். கண்ணீர்விடும் பொம்மைகள், சிவப்பு இதயங்கள், வரிசையாக.

"உங்க ஆயா பேரு எங்கனா இருக்குதா பாரு."

காயத்ரி கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனாள். ரொம்ப நேரம் தள்ளினாள். "இல்லம்மா" என்றாள். அவளுக்கே முகம் சிவந்துவிட்டது. படையலன்று ஆயாவின் பேரைக் கேட்டுக் கும்பிட்டவள்தானே. "இரும்மா, நான் எழுதறேன். இவங்க அவரோட சொந்தப் பொண்ணு, காந்தான்னு ஒருத்தர விட்டுட்டுதான் அவரு ஓடினாரு, அவங்கதான் மொதல் சம்சாரம்னு எழுதிப் போடறேன். நாலு லட்சம் பேரும் படிக்கட்டும்."

அவள் காந்தா என்று அடித்துவிட்டாள். வெள்ளைப் பெட்டிக்குள் அம்மாவின் பேர் நிற்பதை இந்திராணி பார்த்தாள். மூன்று எழுத்து. இதற்குத்தானே நாலு மணி நேரம் பேசினாள், இதற்குத்தானே காத்திருந்தாள்.

போட்டால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரிந்தது. நாலு லட்சம் பேரும் கேட்பார்கள். யார் இந்தக் காந்தா, எப்போது செத்தாள், அவளுக்குச் சேதி தெரியுமா, தெரியாதா. மெட்ராஸிலிருந்து கார்டு எழுதிப் போட்ட அந்தச் சொந்தம் உயிரோடு இருந்தால், அதுவும் இதைப் பார்க்கும். நான் எழுதினேனே, என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். அன்னம்மாள் மறுபடி விரல்விட்டு எண்ண ஆரம்பிப்பாள்.

"வேணாம், அழிச்சிடு" என்றாள்.

"ஏம்மா? உண்மைதானே?"

"அழிடின்னா அழி. புதங்கிழமை கல்யாணம் இருக்குது."

காயத்ரி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.